வோல்ற்றும் அம்பியரும் கையில் இருந்தால்: தடையையும் வலுவையும் கணக்கிடப் பழகுவோம்

வீட்டில் இருக்கும் கரண்ட் கேத்தலின் பிளக்கைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, கவிழ்த்து அடியைப் பாருங்கள். சின்ன ஸ்ரிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். 220–240 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், 1500 வாற் என்பதுபோல ஏதாவது எழுதியிருக்கும். அம்பியர் பெரும்பாலும் இருக்காது, ஓம் பற்றிப் பேச்சே இருக்காது. அந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல்தான் கனபேர் அதைக் கொண்டுபோய் 5 அம்பியர் பிளக்கில் செருகுகிறார்கள். ஒரு மாதத்தில் பிளக் கருகி மணக்கத் தொடங்கும், பிறகு கேத்தல் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை.

ஓ.எல். விஞ்ஞானத்தில் இதைப் படித்து, பரீட்சை முடிந்த கையோடு மறந்தவர்களுக்காகவும், இப்போதுதான் முதல் மல்ரிமீற்றர் வாங்கியிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வோல்ற் என்பது கரண்டைத் தள்ளுகிற அழுத்தம், அம்பியர் என்பது பாய்கிற ஓட்டத்தின் அளவு. கணக்கு இரண்டே இரண்டு:

தடை (ஓம்) = வோல்ற் ÷ அம்பியர்

வலு (வாற்) = வோல்ற் × அம்பியர்

ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். போனில் இருக்கும் கல்குலேற்றர் போதும். இந்த இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் இன்னும் இரண்டு கிடைக்கும். வலு = அம்பியர் × அம்பியர் × தடை. வலு = வோல்ற் × வோல்ற் ÷ தடை. இவற்றைப் பாடமாக்கத் தேவையில்லை, ஆனால் இவைதான் பின்னால் கிணற்று மோட்டர் வரைக்கும் வரப்போகின்றன.

கணக்கில் யாரும் பிழைவிடுவதில்லை. பிழை வருவது கணக்குக்குள் போடுகிற எண்ணில். ஒரு இடத்தில் வோல்ற்றை அளந்து, வேறொரு நேரத்தில் அம்பியரை அளந்து, இரண்டையும் வகுத்தால் விடை ஒன்று வரத்தான் செய்யும். அது எந்தப் பொருளின் தடையும் அல்ல. இரண்டும் ஒரே பொருளில், அது வேலை செய்துகொண்டிருக்கும்போது, ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளாக இருக்கவேண்டும். கீழே சொல்லப்போவது முழுவதும் இதைச் சுற்றித்தான்.

இன்னுமொன்று, மில்லி. மீற்றரில் 150 மில்லி அம்பியர் என்று காட்டினால் கணக்கில் 0.15 என்று போடவேண்டும். 12 வோல்ற், 150 மில்லி அம்பியர் என்றால் தடை 80 ஓம், வலு 1.8 வாற். ஆயிரத்தால் வகுக்க மறந்தால் 0.08 ஓம், 1800 வாற் என்று வரும். ஒரு சின்ன பல்ப் கேத்தலைவிட அதிகமாக இழுக்காது என்று அப்போதாவது சந்தேகம் வரவேண்டும். விடை வந்ததும் ஒருக்கால் நின்று, இது நடக்கிற காரியமா என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

முதலில் 12 வோல்ற்றில் பழகுங்கள்

வீட்டுக் கரண்டில் பழகவேண்டாம். மோட்டர் சைக்கிள் பற்றரி ஒன்று, 12 வோல்ற் 21 வாற் பிரேக் லைற் பல்ப் ஒன்று, அதற்கு ஹோல்டர், கொஞ்ச வயர், ஒரு 5 அம்பியர் பியூஸ். யாழ்ப்பாணம் ரவுணில் ஸ்பெயார் பாட்ஸ் கடை எதிலும் இவை கிடைக்கும். பியூஸை விட்டுவிடலாமே என்று நினைக்கவேண்டாம். 12 வோல்ற் ஆளை அடிக்காது, உண்மை. ஆனால் பற்றரியின் இரண்டு முனையும் நேரே முட்டினால் நூற்றுக்கும் மேற்பட்ட அம்பியர் பாயும், வயர் சிவக்கும், கையில் மோதிரம் கிடந்தால் அதுவும் சிவக்கும். பியூஸை பற்றரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

மீற்றரில் சிவப்பு வயர் செருக இரண்டு அல்லது மூன்று துளைகள் இருக்கும். ஒன்று வோல்ற்றுக்கும் ஓமுக்கும், இன்னொன்று 10 அம்பியருக்கு. முதலில் சிவப்பு வயரை வோல்ற் துளையில் போட்டு, டயலை நேரோட்ட (டி.சி.) வோல்ற்றில் 20க்குத் திருப்பி, பல்ப்பை இணைக்காமல் பற்றரியை அளவுங்கள். 12.6 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இதைக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் "சும்மா இருக்கும்போது" என்று குறியுங்கள்.

அடுத்தது ஓட்டம். வோல்ற்றை அளக்கும்போது மீற்றர் பல்ப்புக்குக் குறுக்கே நிற்கும். அம்பியரை அளக்கும்போது பாதையின் நடுவே நிற்கவேண்டும். அதாவது, ஒரு வயரைக் கழற்றி, அந்த இடைவெளியை மீற்றரால் அடைக்கவேண்டும். சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றுங்கள், டயலையும் 10 அம்பியருக்கு. பற்றரி பிளஸ், பியூஸ், மீற்றர், பல்ப், பற்றரி மைனஸ் என்று வரிசையாக இணைத்தால் பல்ப் எரியும், மீற்றர் 1.70 போல ஒன்றைக் காட்டும்.

பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே வோல்ற்றை அளக்கவேண்டும். இதற்குத்தான் இரண்டாவது மீற்றர் இருந்தால் நல்லது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கினாலும் சரி. 12.2 என்று வந்தால், தடை 12.2 ÷ 1.70 = 7.2 ஓம். வலு 12.2 × 1.70 = 20.7 வாற். பல்ப்பில் எழுதியிருந்த 21க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

சும்மா இருந்தபோது அளந்த 12.6ஐப் போட்டிருந்தால் 7.4 ஓம், 21.4 வாற் என்று வந்திருக்கும். பெரிய வித்தியாசம் இல்லைத்தான். ஆனால் அந்த 0.4 வோல்ற் எங்கே போனது என்று தேடினால்தான் விஷயம் பிடிபடும். பல்ப் எரியும்போது பற்றரியின் முனைகளிலேயே அளந்து பாருங்கள், 12.5 காட்டலாம். அப்படியென்றால் 0.1 வோல்ற் பற்றரிக்குள்ளேயே போகிறது, மிச்சம் 0.3 வயரிலும் பியூஸிலும் அம்பியர் மீற்றரிலும் போகிறது. 0.3ஐ 1.70ஆல் வகுத்தால் 0.18 ஓம். வயருக்கும் தடை இருக்கிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பதும், இப்படி உங்கள் மேசையில் உங்கள் வயரின் தடையைக் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

ஒரு மீற்றர்தான் இருக்கிறது என்றால், முதலில் ஓட்டத்தை அளந்து எழுதிவிட்டு, மீற்றர் இருந்த இடத்தை வயரால் இணைத்து, பிறகு வோல்ற்றை அளவுங்கள். மீற்றரை எடுத்ததும் ஓட்டம் கொஞ்சம் கூடும், இந்தக் கணக்குக்கு அது பெரிய குறை இல்லை.

அளந்து முடிந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, சிவப்பு வயரை 10 அம்பியர் துளையிலிருந்து கழற்றி வோல்ற் துளைக்குத் திரும்ப மாற்றுவது. மறந்துவிட்டு அடுத்த தரம் வோல்ற் பார்க்கிறேன் என்று பற்றரி முனைகளில் வைத்தால் அது நேரே ஷோர்ட். மலிவான மீற்றர்களில் அந்தத் துளைக்குப் பியூஸே கிடையாது. பற்றரியிலேயே இது கெட்ட விஷயம், 230 வோல்ற் பிளக்கில் செய்தால் மீற்றர் கையில் வெடிக்கும்.

ஓம் டயலை ஏன் நம்பக்கூடாது

மீற்றரில் ஓம் என்று ஒரு பக்கம் இருக்கிறதே, வகுத்துக்கொண்டிருப்பானேன் என்று கேட்பீர்கள். செய்து பாருங்கள். பல்ப்பை முழுதாகக் கழற்றி, ஆறவிட்டு (ஓம் டயலைக் கரண்ட் ஓடும் இடத்தில் வைக்கவே கூடாது), முதலில் மீற்றரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று முட்டவையுங்கள். 0.3 காட்டலாம், அது மீற்றர் வயரின் தடை. பிறகு பல்ப்பில் வைத்தால் 0.9. கழித்தால் 0.6 ஓம்.

எரியும்போது 7.2, ஆறியபின் 0.6. இரண்டும் சரிதான். பல்ப்புக்குள் இருக்கும் தங்குதன் இழை எரியும்போது 2000 பாகை செல்சியசுக்கு மேலே போகிறது, சூடேறச் சூடேற உலோகத்தின் தடையும் கூடுகிறது. 0.6ஐ நம்பிக் கணக்குப் போட்டால் 12.2 ÷ 0.6 = 20 அம்பியர், கிட்டத்தட்ட 250 வாற். சுவிச் போட்ட அந்தக் கண நேரத்தில் கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் ஓட்டம் பாய்கிறது. பழைய குண்டு பல்ப்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போகாமல், சுவிச் போடும்போது "டிக்" என்று போவதன் காரணம் இதுதான்.

கேத்தல், அயன்பொக்ஸ், ரைஸ் குக்கர் ஆகியவற்றில் நிக்குரோம் என்ற கலப்புலோகக் கம்பி. அதன் தடை சூட்டில் அவ்வளவாக மாறாது. அதனால் அவற்றை ஆறிய நிலையில் ஓம் டயலில் அளந்தாலும் விடை கிட்டத்தட்டச் சரியாக வரும்.

அளக்கிற பொருள் ஒரே நிலையில் நிற்காத இந்தச் சிக்கல், ஓம் என்ற அலகுக்குப் பெயர் கொடுத்தவருக்கே வந்தது. ஜோர்ஜ் சைமன் ஓம் ஜேர்மனியில் கோல்ன் நகரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். 1825இல் அவர் பற்றரிகளை வைத்துச் செய்த முதல் சோதனைகளில் சரியான சூத்திரம் கிடைக்கவில்லை, அக்காலத்துப் பற்றரிகள் ஓட்டம் எடுக்க எடுக்கச் சோர்ந்துபோயின. பிறகு அவர் பற்றரியை விட்டுவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேர்த்த, சூட்டு வித்தியாசத்தில் வோல்ற் தருகிற வெப்ப இணையை எடுத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். மிகச் சின்ன வோல்ற்தான், ஆனால் ஆடாமல் நின்றது. அதன் பிறகுதான் எண்கள் ஒழுங்குக்கு வந்தன, 1827இல் புத்தகமும் வந்தது. வோல்ற் அப்படியே நிற்கும் என்று நம்பி ஒரு எண்ணை மட்டும் அளப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தடை சரி, வாற்றைப் பார்த்தீர்களா

இலத்திரனியல் பழகுகிறவர்கள் தவறாமல் விழுகிற குழி ஒன்று உண்டு. 9 வோல்ற் பற்றரியில் 100 ஓம் தடையி (ரெசிஸ்ரர்) ஒன்றைக் கொழுவுகிறீர்கள். 9 ÷ 100 = 0.09 அம்பியர், 90 மில்லி. வலு 9 × 0.09 = 0.81 வாற். பாக்கெற்றில் மலிவாக விற்கும் தடையிகள் கால் வாற் தாங்கும். மூன்று மடங்குக்கு மேல் போட்டால் கருகும், கருகத்தான் செய்யும். அதே இடத்தில் 1000 ஓம் போட்டால் 0.081 வாற், தொட்டாலும் சூடு தெரியாது. கால் வாற் 100 ஓம் தடையிக்கு அதிகபட்சம் எத்தனை வோல்ற் கொடுக்கலாம்? 0.25 × 100 = 25, அதன் வர்க்கமூலம் 5. ஐந்து வோல்ற், அதுவும் விளிம்பில்.

சைக்கிள் டைனமோவையும் இதே வழியில் பார்க்கலாம். வழக்கமான டைனமோ 6 வோல்ற், 3 வாற். 3 ÷ 6 = 0.5 அம்பியர், 6 ÷ 0.5 = 12 ஓம். தொண்ணூறுகளில் இங்கே யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றிச் சுற்றிச் செய்தி கேட்ட வீடுகள் எத்தனையோ. அப்போது சுற்றியவர்களைக் கேட்டுப்பாருங்கள், றேடியோவுக்குச் சுற்றும்போது லேசாக இருக்கும், லைற்றைக் கொழுவினால் பெடல் கனக்கும். றேடியோ குறைந்த வாற் எடுத்தது, லைற் கூட எடுத்தது. வாற் என்பது கைக்குத் தெரிந்த விஷயம்.

வீட்டுக் கரண்ட்: ஸ்ரிக்கரிலிருந்து பின்னோக்கி

இலங்கையில் வீட்டுக்கு வருவது 230 வோல்ற், 6 வீதம் கூடலாம் குறையலாம், அதாவது 216 முதல் 244 வரை. கேத்தல் 1500 வாற் என்றால் 1500 ÷ 230 = 6.5 அம்பியர். தடை 230 ÷ 6.5 = 35 ஓம். இப்போது அந்த 5 அம்பியர் வட்டக்கால் பிளக்கின் கதை விளங்கும். 13 அம்பியர் பிளக்கில் போட்டால் தாராளம். ஆனால் அதே 13 அம்பியர் பிளக்கில் மல்ரி பிளக் ஒன்றைப் போட்டு, கேத்தலோடு 1000 வாற் அயன்பொக்ஸையும் 700 வாற் ரைஸ் குக்கரையும் கொழுவினால் மொத்தம் 3200 வாற், 13.9 அம்பியர்.

மாலையில் எல்லா வீட்டிலும் லைற் எரிந்து மோட்டரும் ஓடுகிற நேரம், லைனின் கடைசி வீடுகளில் 190க்கு இறங்குவதும் உண்டு. அப்போது கேத்தல் கூட ஓட்டம் இழுக்கும் என்று கனபேர் நினைக்கிறார்கள். இல்லை. தடை 35 ஓம் அப்படியே இருக்கிறது, ஆகவே 190 ÷ 35.3 = 5.4 அம்பியர். ஓட்டம் குறைகிறது. வலு 190 × 5.4 = 1025 வாற் அளவில். வோல்ற் குறைந்தது 17 வீதம், வலு குறைந்ததோ 32 வீதம், ஏனென்றால் வோல்ற்றை இரண்டு தரம் பெருக்குகிறோம். அந்த நேரத்தில் தேத்தண்ணிக்கு வைத்த கேத்தல் கொதிக்க ஏன் அவ்வளவு நேரம் என்பதற்கு இதுதான் பதில்.

ஸ்ரிக்கரை நம்பாமல் நீங்களே அளக்கவேண்டும் என்றால், தயவுசெய்து முன்பு பற்றரியில் செய்ததுபோல மீற்றரை 230 வோல்ற் வயரின் நடுவே கொழுவவேண்டாம். புதியவர்களுக்கு இரண்டு நல்ல வழி இருக்கின்றன.

ஒன்று கிளாம்ப் மீற்றர். கவ்வியைத் திறந்து வயரைச் சுற்றி மூடினால் ஓட்டம் தெரியும், எதையும் வெட்டத் தேவையில்லை. ஆனால் ஒரு வயரை மட்டும் கவ்வவேண்டும். முழு வயரையும் கவ்வினால் லைனில் போகிறதும் நியூற்றலில் வருகிறதும் ஒன்றையொன்று அழித்து, கேத்தல் கொதிக்கும்போதும் சைபர் காட்டும். வீட்டுக் கரண்டான மாற்றோட்டத்தை (ஏ.சி.) அளக்கிறதா என்று டயலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றது உங்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது, சதம் செலவில்லை. மின்சார சபையின் டிஜிற்றல் மீற்றரில் ஒரு சின்னச் சிவப்பு லைற் மினுங்கிக்கொண்டிருக்கும். முகப்பில் ஒரு யூனிற்றுக்கு எத்தனை மினுக்கம் என்று எழுதியிருக்கும், உதாரணத்துக்கு 1600 என்று வைத்துக்கொள்வோம், உங்கள் மீற்றரில் எவ்வளவு என்று பார்த்து அதைப் போடுங்கள். ஒரு யூனிற் என்பது 1000 வாற் ஒரு மணித்தியாலம் ஓடுவது, அதாவது 36 இலட்சம் யூல் (ஒரு வாற் ஒரு செக்கன் ஓடினால் ஒரு யூல்). அதை 1600ஆல் வகுத்தால் ஒரு மினுக்கத்துக்கு 2250 யூல். இனி வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு (பிரிஜ்ஜை மறக்கவேண்டாம்) கேத்தலை மட்டும் போடுங்கள். ஒரு மினுக்கத்தில் போனின் ஸ்ரொப்வோச்சைத் தொடங்கி, அதைச் சைபர் என்று வைத்து, பத்தாவதில் நிறுத்துங்கள். 15 செக்கன் வந்தால் 22500 ÷ 15 = 1500 வாற். கூரையில் சோலர் போட்டு மின்சார சபைக்குக் கொடுக்கிற வீடு என்றால் இதை இரவில் செய்யுங்கள், பகலில் கணக்குக் குழம்பும்.

வாற் கிடைத்துவிட்டது. அந்த நேரத்து வோல்ற்றையும் அளந்தால் அம்பியர் வகுத்தல், தடை இன்னொரு வகுத்தல். பிளக் துளையில் வோல்ற் அளப்பதற்கு நல்ல மீற்றர் வேண்டும். "கேற் 3, 600 வோல்ற்" (CAT III 600V) என்ற பாதுகாப்புக் குறி உள்ளதாகவும், வயர் தோல் உரியாததாகவும் பார்த்து வாங்குங்கள். காலில் செருப்பு, கை உலர்ந்து, விரல்கள் முனையின் தடுப்புக்குப் பின்னால்.

வகுத்தாலும் தடை வராத சாமான்கள்

கேத்தல் மாதிரிச் சூடாக்கும் சாமான்களுக்கு இதுவரை சொன்னது அப்படியே பொருந்தும். எல்இடி பல்ப், போன் சார்ஜர், மோட்டர் ஆகியவற்றுக்குப் பொருந்தாது.

போன் சார்ஜரின் முதுகில் உள்ளே 100–240 வோல்ற், 0.35 அம்பியர் என்றும் வெளியே 5 வோல்ற், 2 அம்பியர் என்றும் எழுதியிருக்கும். 230 × 0.35 = 80 வாற் என்று கணக்குப் பார்த்துப் பயப்படவேண்டாம். அந்த 0.35 என்பது மிகக் குறைந்த வோல்ற்றில் அது எடுக்கக்கூடிய உச்ச ஓட்டம். வெளியே கொடுப்பது 5 × 2 = 10 வாற், உள்ளே எடுப்பது அதைவிடக் கொஞ்சம் கூட. இந்த வகைச் சாமான் கேத்தலுக்கு நேர்மாறு, வோல்ற் குறைந்தால் ஓட்டத்தைக் கூட்டி அதே வாற்றை எடுக்கும். அங்கே வோல்ற்றை அம்பியரால் வகுத்து வருகிற எண்ணைத் தடை என்று சொல்வதில் அர்த்தமில்லை.

மோட்டரில் இன்னொரு சிக்கல். மாற்றோட்டத்தில் சுருளுக்குள் வோல்ற்றும் ஓட்டமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை, ஓட்டம் கொஞ்சம் பிந்தும். அதனால் பெருக்கி வருகிற எண் முழுவதும் வாற் அல்ல. ஒரு குதிரைவலுத் தண்ணி மோட்டர் 230 வோல்ற்றில் 5.3 அம்பியர் எடுத்தால் பெருக்கம் 1219. ஆனால் சுவர் மீற்றரின் மினுக்கத்தை எண்ணினால் 1100 வாற் பக்கத்தில் வரலாம். 1100 ÷ 1219 = 0.9, இதைத்தான் வலுக்காரணி என்பார்கள். பில் வருவது 1100க்கு. வயர் சூடாவது 5.3 அம்பியருக்கு. ஒரு குதிரைவலு 746 வாற் தானே என்று கேட்டால், அது மோட்டரின் அச்சில் வெளியே வருகிற வலு, மிச்சம் சுருளிலும் இரும்பிலும் சூடாகப் போகிறது.

எக்ஸ்ரென்சன் வயரின் தடை

இனி உங்களிடம் இருக்கிற எக்ஸ்ரென்சன் ஒன்றைச் சோதியுங்கள். ஒரு துளையில் கேத்தல், மற்றத் துளையில் மீற்றர். கேத்தல் சுவிச் போடாமல் 232 வோல்ற். போட்டதும் 224. எட்டு வோல்ற் காணாமல் போய்விட்டது. கேத்தலின் தடை 35.3, ஆகவே இப்போது ஓட்டம் 224 ÷ 35.3 = 6.35 அம்பியர். பாதையின் தடை 8 ÷ 6.35 = 1.26 ஓம். அந்தப் பாதையில் சூடாகப் போகிற வலு 8 × 6.35 = 51 வாற்.

அந்த 51 வாற் சுவருக்குள், எக்ஸ்ரென்சன் வயரில், பிளக் முனைகளில் என்று பரவி இருந்தால் பெரிய பிரச்சினை இல்லை. பாதிக்கு மேல் ஒரே ஒரு தளர்ந்த ஸ்குரூவில் இருந்தால், ஈயம் பற்றவைக்கிற சோல்டரிங் அயன் ஒன்று பிளக்குக்குள் எரிவதற்குச் சமம், அதுவும் 30 வாற் தான். கேத்தலை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிய பிறகு அதன் கால்களைத் தொட்டுப் பாருங்கள். ஒரு கால் மட்டும் சுட்டால் இடத்தைக் கண்டுபிடித்தாயிற்று. அதே எட்டு வோல்ற் சுவர்ப் பிளக்கிலேயே விழுகிறது என்றால் எக்ஸ்ரென்சனை மாற்றிப் பயனில்லை, வயரிங் செய்கிறவரைக் கூப்பிடுங்கள்.

ஓட்டம் இரண்டு மடங்கானால் இந்தச் சூடு நாலு மடங்காகும். யாழ்ப்பாணத்தின் சுன்னாகம் மின் நிலையத்துக்குத் தெற்கிலிருந்து கரண்ட் 132 கிலோவோல்ற்றில் வருவதற்கும் இதுதான் காரணம். 20 மெகாவாற் அனுப்பவேண்டும் என்று வைத்தால் 230 வோல்ற்றில் 87,000 அம்பியர் ஓடவேண்டும், எந்தக் கம்பியும் தாங்காது. 132 கிலோவோல்ற்றில் மூன்று கம்பியிலும் பிரித்து, கம்பிக்கு 90 அம்பியருக்குள் முடிந்துவிடுகிறது.

தோட்டக் கிணற்று மோட்டர்

இது எங்கள் ஊருக்கே உரிய கணக்கு. வீட்டிலிருந்து கிணறு 60 மீற்றர் தள்ளி, நடுவில் வெங்காயத் தறை, கிளுவை வேலி நெடுக வயர் கட்டி ஒரு குதிரைவலு மோட்டருக்குக் கரண்ட் போகிறது. மோட்டர் "ம்ம்ம்" என்று உறுமுகிறது, சுற்றவில்லை. வீட்டில் கொண்டுவந்து போட்டால் நன்றாகச் சுற்றுகிறது.

கடையில் வயர் கேட்கும்போது 1/1.13, 7/.67, 7/.85 என்பார்கள். முதல் எண் எத்தனை இழை, அடுத்தது ஒவ்வொரு இழையின் விட்டம் மில்லிமீற்றரில். பரப்பளவு கண்டுபிடிக்க, விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785ஆல் பெருக்கி, இழை எண்ணிக்கையால் பெருக்குங்கள். 1/1.13 என்றால் 1 சதுர மில்லிமீற்றர். 7/.67 என்றால் 2.47. 7/.85 என்றால் 3.97. வெயிலில் கிடக்கிற செம்புக்கு, ஒரு மீற்றரின் தடை 0.018ஐப் பரப்பளவால் வகுத்தால் வரும். போக 60, வர 60, ஆகவே நீளம் 120 மீற்றர். இந்த இரட்டிப்பைத்தான் மறந்துவிடுவார்கள்.

1/1.13 வயர்: 0.018 × 120 = 2.16 ஓம்.
7/.67 வயர்: 0.0073 × 120 = 0.88 ஓம்.
7/.85 வயர்: 0.0045 × 120 = 0.54 ஓம்.

மெல்லிய வயரில்கூட, மோட்டர் ஓடத் தொடங்கிவிட்டால் 5.3 × 2.16 = 11.4 வோல்ற்தான் போகும், சமாளிக்கும். வில்லங்கம் தொடங்குகிற நேரத்தில். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது மோட்டர் ஐந்தாறு மடங்கு ஓட்டம் கேட்கும், 30 அம்பியர் என்று வைப்போம். அந்த நேரம் அது 230 ÷ 30 = 7.7 ஓம் சாமான் போல நடந்துகொள்கிறது. வயரின் 2.16ஐக் கூட்டினால் 9.8 ஓம், ஓட்டம் 23 அம்பியர், வயரில் விழுவது 50 வோல்ற், மோட்டருக்குக் கிடைப்பது 180. மோட்டர் வெறும் தடை அல்ல என்று மேலே சொன்னேன், ஆகவே இது தோராயம்தான், ஆனாலும் முடிவெடுக்கப் போதும். கிளம்பும் விசை வோல்ற்றின் வர்க்கத்தோடு போகும், 180ஐ 230ஆல் வகுத்து வர்க்கித்தால் 0.61. விசையில் 40 வீதம் போய்விட்டது, உறுமாமல் என்ன செய்யும். மாலையில் வீட்டிலேயே 205 தான் என்றால் இன்னும் மோசம்.

7/.67 போட்டால் மோட்டருக்கு 206 வோல்ற் கிடைக்கும், விசை 0.80. 7/.85 போட்டால் 215, விசை 0.87. நானாக இருந்தால் 60 மீற்றருக்கு 7/.67ஐ ஆகக் குறைந்ததாகவும், கிணறு நூறு மீற்றருக்கு அப்பால் என்றால் 7/.85ஐயும் வாங்குவேன். விலை கூடத்தான், ஆனால் உறுமி உறுமிச் சுருள் எரிந்த மோட்டரைத் திரும்பச் சுற்றுவிக்கிற காசை நினைத்துப் பாருங்கள். வயரின் நடுவே முறுக்கி ரேப் சுற்றிய மூட்டு எதுவும் வேண்டாம், ஏர்த் வயரையும் சேர்த்தே இழுங்கள், வீட்டுப் பக்கத்தில் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ற் பட்டனை அமத்திப் பார்த்துவிடுங்கள்.

வயரை மாற்றிய பிறகு கிணற்றடியில் மீற்றரை வைத்து, இன்னொருவரைச் சுவிச் போடச் சொல்லி, மோட்டர் கிளம்பும் அந்த ஓரிரு செக்கனில் வோல்ற் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று பாருங்கள். 205க்குக் கீழே போகாமலும் உறுமினால் குற்றம் வயரில் இல்லை, மோட்டரைக் கிளப்ப உதவுகிற கப்பாசிற்றரை மாற்றிப் பாருங்கள்.